மே 10 ஆத்தங்குடிப் பயணம்: வெள்ளைச் சட்டை வேண்டாம்

எல்லாருக்கும் வணக்கம். போன வருடக் குழுப்படத்தில் முக்கால்வாசிப் பேர் சாம்பல், வெள்ளைதான். நம்ம கண்டாங்கிச் சேலைக்கு 2019-லேயே புவிசார் குறியீடு கிடைத்தும் அது பீரோவுக்குள்ளேயே தூங்குகிறது. மே 10, ஞாயிறு காலை 7 மணிக்குக் காரைக்குடியிலிருந்து கிளம்புகிறோம்.

1. பெண்கள் கண்டாங்கி, அரக்கோ மஞ்சளோ எதுவானாலும் சரி. ஆண்களும் கலர்ச் சட்டைதான்.
2. கண்ணாடி மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கையாலேயே ஊற்றித் தரைக்கல் செய்வதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். சாயம் பட்டால் போகாது, மாற்று உடுப்பு அவசியம்.
3. அப்புறம் சாயமேற்றிய பனை ஓலையில் கொட்டான் (சின்னக் கூடை) முடைகிறோம், ஆச்சிமார் சொல்லித் தருவார்கள். கத்தரிக்கோல் கொண்டு வரவும்.
4. நீர்மோர் என் பொறுப்பு.

புதன் இரவுக்குள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் வேனில் இடம் கிடையாது.