மூடல், முடிவு, தள்ளுபடி: பிரித்துச் சொன்னவர்களுக்கு நன்றி

அமெரிக்கக் குடிவரவு நீதிமன்றங்களில் நாடுகடத்தல் வழக்கோடு நிற்கும் தமிழர்களுக்குத் துணைநின்ற வழக்கறிஞர்களே, மொழிபெயர்ப்பாளர்களே, தன்னார்வலர்களே, வணக்கம்.

முதல் நன்றி மொழிபெயர்ப்பாளர்களுக்கு. நீதிபதி சொல்லும் மூன்று வெவ்வேறு உத்தரவுகளையும் தமிழில் 'கேஸ் முடிஞ்சிருச்சு' என்று சொல்லிவிடலாம். நீங்கள் சொல்லவில்லை. நிர்வாக மூடல் என்றால் வழக்கு நாள் குறிக்காமல் கிடப்பில் இருக்கிறது. எந்தத் தரப்பு மனுப் போட்டாலும் மறுபடி பட்டியலுக்கு வரலாம். யூ விசா (குற்றத்தால் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவுவோருக்கான விசா) மனு ஆண்டுக்கணக்கில் நிலுவையில் இருப்பவர்களுக்கு இதுவே பெரிய ஆறுதல். அந்த வழியை 2018-இல் அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் பெரும்பாலும் அடைத்தார். 2021-இல் அந்தப் பதவியில் இருந்த மெரிக் கார்லண்ட் திறந்தார். 2024 ஜூலை 29 முதல் நடப்புக்கு வந்த விதியில் அது எழுத்திலேயே ஏறியது.

வழக்கை முற்றாக முடிப்பது வேறு. அரசின் குற்றச்சாட்டு எதுவும் நிற்காதபோதும், வழக்கின் நடுவே கிரீன் கார்டோ புகலிடமோ கிடைத்துவிட்டாலும் அந்த விதிப்படி கேட்கலாம். அழைப்பாணையில் விசாரணைத் தேதியோ நேரமோ இல்லையென்றால், குற்றச்சாட்டுகளுக்குப் பதில் சொல்லும் கட்டம் முடியும் முன்பே ஆட்சேபிக்க வேண்டும். பிந்தினால் அந்த வாதம் போய்விடும். முதல் வாய்தாவிலேயே எழுந்து ஆட்சேபித்த வழக்கறிஞர்களை மறக்க மாட்டோம்.

தள்ளுபடிதான் ஏமாற்றும் சொல். அரசு வழக்கறிஞரே கேட்டு, அரசின் வழக்கே தள்ளுபடி ஆவதால் வென்றதுபோல் தோன்றும். ஆனால் நீதிமன்றத்தில் இருந்த புகலிட மனுவும் அதோடு போகும். 2025 மே முதல், அப்படித் தள்ளுபடியான கையோடு நீதிமன்ற வராந்தாவிலேயே பலர் கைதாகி, குடிவரவு நீதிபதியின் முழு விசாரணை இல்லாத விரைவு வெளியேற்ற நடைமுறைக்குத் தள்ளப்பட்டார்கள். 'எதிர்க்கிறோம், எழுத்தில் பதில் தர அவகாசம் வேண்டும்' என்று அங்கேயே கேட்கச் சொல்லித் தந்தீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

ஆஜராகாததால் பிறந்த நாடுகடத்தல் உத்தரவுகளை மறுபடி திறக்க இரவெல்லாம் மனு எழுதியவர்களுக்கும் நன்றி. அறிவிப்பே வந்து சேரவில்லையென்றால் எப்போதும் கேட்கலாம். கடும் நோய் போன்ற காரணமென்றால் 180 நாள். அந்த மனு தாக்கலானதும், நீதிபதி முடிவு சொல்லும்வரை வெளியேற்றம் தானாக நிற்கும். மற்ற மறுதிறப்பு மனுக்களுக்குப் பொதுவாக 90 நாள்தான். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வெளியேற்றத் தடையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இத்தனைக்கும் வேர் பல நேரம் மாறிய முகவரி. வீடு மாறிய 5 நாளுக்குள் ஈஓஐஆர்-33 என்ற முகவரி மாற்றப் படிவத்தை நிரப்பி, நீதிமன்றத்துக்கு ஒன்று, அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஒன்று என்று அனுப்பி, ரசீதையும் பத்திரமாக எடுத்துவைத்த தம்பி தங்கைகளே, உங்களுக்குத் தனி நன்றி.