ஒழுகும் கப்ளரும் என் சுத்தியலும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ரொம்ப சந்தோஷம். உடனே பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. மூன்று வாரமாகக் கை முழுக்க ஆயில்.

என் டிராக்டரில், டிப்பர் டிரெய்லரைத் தூக்குகிற ஆயில் ஹோஸை மாட்டுகிற வாய், அதாவது கப்ளர், ஒழுக ஆரம்பித்தது. முதலில் சொட்டுதான். அப்புறம் டிரெய்லரைத் தூக்கும்போதெல்லாம் வழிந்து, அதன்மேல் புழுதி அப்பி, பின்பக்கமே சேறாகிவிட்டது. சரி, உள்ளே ஆயிலை அடைக்கிற ரப்பர் வளையம், ஓ-ரிங், போயிருக்கும் என்று மாற்றினேன். இரண்டே நாள், மறுபடியும் ஒழுகல். ஓ-ரிங் உட்காருகிற காடிக்குள் அதை ஒட்டி மெல்லிசாக, கெட்டியாக இன்னொரு வளையம் இருக்கும், பேக்கப் ரிங். அதை நான் குப்பையோடு தூக்கிப் போட்டிருக்கிறேன்! அது இல்லாவிட்டால் பிரஷர் ஓ-ரிங்கை இடுக்கில் தள்ளிக் கடித்துவிடும். வாய்ப்பக்கம் பேக்கப் ரிங், உள்பக்கம் ஓ-ரிங் என்று ஒழுங்காகப் போட்டேன். பத்து நாள் தாங்கியது.

மூன்றாம் முறை கழற்றியபோது ரிங்கில் பிளேடால் கீறினதுபோல் ஒரு வெட்டு. அப்போதுதான் கப்ளருக்குள் போகிற ஹோஸின் இரும்பு முனையில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். நகம் மாட்டியது. சின்னச் சின்னப் பிசிறுகள். மாட்டும்போதெல்லாம் அவைதான் புது ரிங்கை அறுத்திருக்கின்றன. பிசிறு எங்கிருந்து வந்தது தெரியுமா? வெயிலில் கிடந்த ஹோஸுக்குள் ஆயில் விரிந்து, பிரஷர் ஏறி, முனை உள்ளே போகாது. நான் சுத்தியலால் தட்டிப் பிரஷரை இறக்குவேன். எத்தனை வருஷமாக! ஆக, அறுத்தது நான்தான். இதில் கடைக்காரரை வேறு திட்டியிருக்கிறேன், பாவம்.

முனையை மாற்றினேன், ஒழுகல் நின்றது. இப்போதெல்லாம் டிரெய்லரை முழுக்க இறக்கி, இன்ஜினை நிறுத்தி, தூக்குகிற லீவரை இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஆட்டிப் பிரஷரை இறக்கிவிட்டுத்தான் ஹோஸைக் கழற்றுகிறேன். மாட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் ஒரு துடைப்பு. கழற்றியதும் மூடி.

உன் வண்டியில் ஹோஸைக் கழற்றின பிறகுதான் சொட்டுகிறது என்று எழுதியிருந்தாய். அது வேற கதை. மாட்டியிருக்கும்போது கசிந்தால் பெரும்பாலும் ரிங். கழற்றினபின் கசிந்தால் உள்ளே இருக்கும் வால்வு சரியாக உட்காரவில்லை. ஒரு மணல் துகள் போதும். பிரஷரை இறக்கிவிட்டு, வால்வை மெதுவாக அமுக்கித் துடைத்துப் பார். நிற்காவிட்டால் கப்ளரையே மாற்றிவிடு. புதுசு போடும்போது மரையில் டேப் சுற்றுமுன் பார்த்துக்கொள். ஓ-ரிங் வைத்து அடைக்கிற மரைக்கு டேப் வேண்டாம், பிய்ந்து வால்வுக்குள் போய் வேறு தொல்லை.

இன்னொன்று. கசிவு எங்கே என்று கையால் தடவாதே. கார் டயரில் இருக்கும் பிரஷர் 2 பார் சொச்சம். இந்த லைனில் 180, 200 பார்கூட இருக்கும். ஊசித்துளை வழியாக வருகிற ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்த்தால் முள் குத்தினதுபோல் இருக்கும், ஆனால் உடனே ஆபரேஷன் வரைக்கும் போகிற விஷயம். ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பார், போதும்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. என் சுத்தியலை வீட்டுக்காரி எங்கோ ஒளித்து வைத்துவிட்டாள். நானும் கேட்கவில்லை.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி