பால்வாடியில் எடை பார்க்கிறோம், உறக்கத்தையும் கேட்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 29 ஆண்டுகள் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஊரில் இன்றும் அதைப் பால்வாடி என்றுதான் சொல்வார்கள். என்னையும் பால்வாடி டீச்சர் என்றுதான் அழைப்பார்கள். சென்ற மாதம் என் பேத்தியைக் கொண்டுபோய் விடுவதற்காக அதே மையத்துக்குச் சென்றிருந்தேன். காலை பத்து மணிக்குப் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே நான்கு பிள்ளைகள் சுவரோரம் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார்கள். இன்னொரு பையன் எதைக் கொடுத்தாலும் தட்டிவிட்டு அழுதுகொண்டே இருந்தான். இரவு எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று அவனை அழைத்து வந்த பாட்டியிடம் கேட்டேன். "பதினொண்ணரை ஆச்சு டீச்சர், செல்லைப் புடுங்கினாத்தான் கண்ணை மூடுறான்" என்றார். கண்ணயர்ந்த நால்வரையும் மையத்தில் கொண்டுவந்து விட்டவர்களும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். அன்று முதல் மனத்தை விட்டு அகலாத கவலையைத்தான் தங்கள் நாளிதழ் வழியாக அரசின் கவனத்துக்கும் பெற்றோரின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும் என்றும், ஒன்று, இரண்டு வயதில் 11 முதல் 14 மணி நேரம் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. பகல் தூக்கமும் இந்தக் கணக்கில் அடங்கும். உறங்கும் நேரமும் விழிக்கும் நேரமும் நாள்தோறும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையும் அது சேர்த்தே சொல்கிறது. இரவு பதினொன்றரைக்குப் படுத்து, காலை ஏழு மணிக்கு எழுப்பப்படும் பிள்ளை ஏழரை மணி நேரம்தான் தூங்குகிறது. மதியம் ஒரு மணி நேரம் தூங்கினாலும் எட்டரைதான் ஆகிறது. நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் குறைந்தால், ஒரே வாரத்தில் ஓர் இரவு உறக்கத்தையே அந்தப் பிள்ளை இழந்துவிடுகிறது.

பெரியவர்கள் தூக்கம் கெட்டால் சோர்ந்து உட்கார்ந்துவிடுவோம். சிறு பிள்ளைகள் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. அவர்கள் ஓரிடத்தில் நிற்காமல் ஓடுவார்கள், பக்கத்துப் பிள்ளையைக் கடிப்பார்கள், ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிணுங்குவார்கள். "சேட்டைக்காரப் பிள்ளை" என்றும் "அடங்காத பிள்ளை" என்றும் நாம் பெயர் வைத்துவிடும் பலருக்கு உண்மையில் உறக்கம்தான் போதாமல் இருக்கிறது என்பதை நான் மிகத் தாமதமாகவே புரிந்துகொண்டேன். உடல் வளர்ச்சிக்கான சுரப்பு ஆழ்ந்த உறக்கத்தின்போதுதான் மிகுதியாகச் சுரக்கிறது. பகலில் கற்ற சொல்லும் பாட்டும் மனத்தில் படிவதும் உறக்கத்தில்தான். தூக்கம் கெட்ட பிள்ளை மதியத் தட்டின் முன் உட்கார்ந்தால், கலவை சாதத்தை அளைந்துவிட்டு முட்டையைத் தொடாமலே எழுந்துவிடும். அரசு இத்தனை அக்கறையோடு கொடுக்கும் உணவு அன்றைக்கு அந்தப் பிள்ளையின் உடம்பில் சேர்வதில்லை.

இதைப் பால்வாடியால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். 1980இல் மதுரை மாவட்டக் கிராமங்களில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டு, மாதந்தோறும் பிள்ளைகளை எடை பார்க்கும் வழக்கம் ஊர் ஊராகப் பரவியது. நான் பணியில் சேர்ந்த பிறகும்கூட, பிள்ளையைத் தராசில் தூக்கி வைத்தால் கண்ணுபடும் என்று முந்தானையால் மூடிக்கொண்டு போன தாய்மார்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். வீடு வீடாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் அந்தப் பயம் போயிற்று. இப்போது அதே வீட்டுப் பெண்கள், "டீச்சர், போன மாசத்தைவிட எத்தனை கிராம் ஏறியிருக்கு?" என்று அவர்களாகவே கேட்கிறார்கள். எடையைப் பற்றி ஒரு தலைமுறைக்கே அக்கறையை ஊட்டிய மையங்களால் உறக்கத்தைப் பற்றியும் ஊட்ட முடியும். எடையும் உயரமும் எழுதும் அன்றே, "இரவு எப்போது படுக்கிறது, காலையில் எப்போது எழுகிறது, படுக்கப்போகும்போது கையில் செல்போன் இருக்கிறதா" என்று கேட்டு எழுதிக்கொள்ள இரண்டு நிமிடம் போதும். 50,000க்கும் மேற்பட்ட மையங்கள் உள்ள நம் மாநிலத்தில் இந்தக் கேள்வி ஒரே மாதத்தில் எத்தனை இலட்சம் வீடுகளுக்குள் நுழையும் என்று எண்ணிப் பாருங்கள்.

மையத்துக்குள் நடக்கும் மதியத் தூக்கத்தைப் பற்றியும் எழுத வேண்டும். இதில் என் தவறையும் நான் மறைக்கக் கூடாது. சாப்பாடு முடிந்ததும் பாய் விரித்து எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாகப் படுக்க வைத்து, கண்ணை மூடாதவர்களைப் பூச்சாண்டி வருவான் என்று பல ஆண்டுகள் நான் மிரட்டியிருக்கிறேன். அது தவறு. மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில்தான் பெரும்பாலான பிள்ளைகள் பகல் தூக்கத்தை விடுகிறார்கள். ஒரே அறையில் இருக்கும் இருபது பிள்ளைகளில் சிலருக்கு அது இன்னும் கட்டாயத் தேவை; சிலருக்குத் தேவையே இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் 40 முன்பருவக் குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வில், வழக்கமாகப் பகலில் தூங்கும் பிள்ளைகள் அந்தத் தூக்கத்துக்குப் பிறகு காலையில் விளையாடிய நினைவாற்றல் விளையாட்டை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். தூங்கவிடாமல் வைத்திருந்தபோது அவர்களே மறந்துபோனார்கள். மறுபுறம், ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டாயமாகப் படுக்க வைக்கும் காப்பகங்களின் பிள்ளைகள் இரவில் குறைவாகவே உறங்குகிறார்கள் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2015இல் எழுதினார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி தெளிவாகவே தெரிகிறது. தூக்கம் வரும் பிள்ளைக்கு இடம் கொடுக்க வேண்டும். வராத பிள்ளையைக் கால் மணி நேரம் படுத்து இளைப்பாறவிட்டு, பிறகு ஒரு மூலையில் படப் புத்தகமோ மரக்கட்டைகளோ கொடுத்துச் சத்தமின்றி விளையாட விட வேண்டும்.

இதற்கு வேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. பிள்ளைக்கு ஒரு கோரைப் பாய், துவைத்த விரிப்பு, வெயில் மறைக்க சன்னலுக்கு ஒரு திரை, ஓடுகிற மின்விசிறி, கொசுவலை அடித்த சன்னல் ஆகியவை இருந்தால் போதும். ஆனால் சித்திரை வைகாசியில் அனல் இறங்கும் கூரையின் கீழ், வேலை செய்யாத மின்விசிறியோடு, சமையல் புகை வரும் ஒற்றை அறையில் பிள்ளைகள் வியர்த்துப் புரளும் மையங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உதவியாளர் அதே நேரத்தில் அதே அறையில் பாத்திரம் விளக்க வேண்டியிருக்கிறது; பணியாளர் அதே நேரத்தில் பதிவேட்டையும் செல்போன் செயலியையும் முடிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் உறங்கும் நேரத்தில் ஒருவராவது அவர்களருகே அமைதியாக உட்கார்ந்திருக்க முடிய வேண்டும்.

இரவு உறக்கம் கெடுவதற்குத் தாய்மார்களை மட்டும் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பகுதியில் நூற்பாலைக்கு மாற்றுநேர வேலைக்குப் போகும் பெண்கள் பலர். இரவு ஒன்பதரைக்கு வேலை முடிந்து வரும் தாய், பகல் முழுவதும் காணாத பிள்ளையோடு அரை மணி நேரம் கொஞ்ச விரும்புவது தவறாகிவிடாது. ஒரே அறை கொண்ட வீட்டில், மாமியார் தொடர் பார்த்துக்கொண்டிருக்க, விளக்கும் எரிந்துகொண்டிருக்க, பிள்ளை மட்டும் எப்படித் தூங்கும்? அதனால்தான் வீட்டு நிலைமையை அறிந்து, முடிந்ததை மட்டும் சொல்லும் பால்வாடி டீச்சரின் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது. நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் தாய்மார் கூட்டங்களில் சொல்லிப் பார்த்தவை மிகவும் எளியவை: விளக்கு வைத்து ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிடுவது; படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே செல்போனை மாடத்திலோ அலமாரியிலோ எடுத்து வைத்துவிடுவது; கை கால் கழுவி, ஒரே இடத்தில், ஒரே பாட்டையோ கதையையோ நாள்தோறும் சொல்லிப் படுக்க வைப்பது; ஞாயிற்றுக்கிழமையும் எழும் நேரத்தை மாற்றாதிருப்பது. தாலாட்டுத் தெரியாது என்று கூச்சப்பட்ட இளந்தாய்களுக்கு வந்திருந்த பாட்டிமார்கள் அங்கேயே பாடிக் காட்டினார்கள். அமெரிக்காவில் ஹெட் ஸ்டார்ட் மழலையர் மையங்களில் ஏழைக் குடும்பங்களுக்கும் பிள்ளைகளுக்கும் உறக்கத்தைப் பற்றிக் கற்பித்த ஒரு திட்டத்தில், ஒரு மாதத்துக்குப் பிறகு பிள்ளைகளின் இரவு உறக்கம் சுமார் 30 நிமிடம் கூடியிருந்ததாக 2014இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆனால் பெற்றோர் கற்ற செய்திகள் அந்த ஒரு மாதத்துக்குள்ளாகவே பெரிதும் மறந்துபோயிருந்தன என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஒரு நாள் கூட்டம் போட்டுப் படம் எடுத்து அனுப்பிவிடுவதோடு நின்றால் பயனில்லை. மாதந்தோறும் திரும்பத் திரும்பப் பேசுவதற்கான இடம் பால்வாடிதான்.

பழக்கத்தால் அல்லாமல் நோயால் தூக்கம் கெடும் பிள்ளைகளையும் இந்த ஒரு கேள்வி வெளிக்கொண்டு வரும். இரவெல்லாம் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு புரளும் பிள்ளைக்குக் கீரிப்பூச்சித் தொல்லை இருக்கலாம். குடற்புழு நீக்க மருந்து நம் மையங்களிலேயே கொடுக்கப்படுகிறது. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைகள் காலை உதைத்துக்கொண்டு நிம்மதியின்றித் தூங்குவதுண்டு. 2019-21இல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். சளி இல்லாத நாளிலும் நாள்தோறும் குறட்டை விட்டு, வாயால் மூச்சு வாங்கும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும். தூங்குவதற்கென்றே இருமல் மருந்து ஊற்றும் கொடிய பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகள் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று 2025 அக்டோபரில் ஒன்றிய சுகாதாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது. பச்சிளங்குழந்தைக்குக் கசகசா அரைத்துக் கொடுப்பதும் இதைப் போன்றதே.

50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கட்டாயமாக்கியது. ஆலைகளின் காப்பகங்களும் நகரங்களில் பெருகிவரும் தனியார் மழலையர் பள்ளிகளும் உறங்க இடம் இருக்கிறதா என்பதைப் பற்றிக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. மூன்றரை வயதுப் பிள்ளையை ஏழேகால் மணி வேனுக்காக ஆறு மணிக்கே எழுப்பி, அரைத் தூக்கத்தில் இட்லியைத் திணித்து அனுப்பும் காட்சியை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். இந்தக் காப்பகங்களுக்கும் பள்ளிகளுக்கும் உரிமம் வழங்கும்போதும் ஆய்வு செய்யும்போதும் ஓய்வறை, பாய், தூக்க நேரம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

ஆகவே, எடைப் பதிவோடு உறக்க நேரத்தையும் கேட்டு எழுதவும், பணியாளர் பயிற்சியில் இதற்கென ஓர் அமர்வு ஒதுக்கவும், வருகிற கோடைக்கு முன் எல்லா மையங்களிலும் மின்விசிறியும் பாயும் சன்னல் திரையும் இருப்பதை உறுதி செய்யவும் சமூகநலத் துறையை வேண்டிக்கொள்கிறேன். எங்கள் ஊர் மையத்தின் இப்போதைய டீச்சர், ஆணைக்குக் காத்திராமல் இந்த மாதமே எடைப் பதிவேட்டின் ஓரத்தில் படுக்கும் நேரத்தை எழுதத் தொடங்கிவிட்டார். முதல் நாள் 18 பிள்ளைகளில் ஒன்பது மணிக்கு முன் படுப்பவர்கள் மூவர் மட்டுமே என்று என்னிடம் காட்டினார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
திண்டுக்கல் மாவட்டம்.