அப்பா எழுதுவது

அன்புள்ள சுரேஷுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. கோத்தகிரியில் இரண்டு நாளாக மழை விட்டு வெயில் அடிக்கிறது. மற்றதை அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

நீ அனுப்பிய மூன்று போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மரம் அறுக்கும் செயின் சா மிஷின், ஹோம்லைட் எக்ஸ்எல்-12. 1963-இல் வந்த மாடல். 40 டாலருக்குக் கிடைத்தது என்றாய், சரி. ஆனால் வாங்கும் முன் சைலன்சரைக் கழற்றிப் பார்த்தாயா? டார்ச் அடித்தால் புகை போகும் ஓட்டை வழியாகப் பிஸ்டன் தெரியும். மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால், விற்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வாங்காதே. ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியைப் பிடித்துக்கொண்டு மிஷினைத் தொங்கவிட வேண்டும். நின்று நின்று இறங்கினால் கம்ப்ரெஷன் இருக்கிறது. சரசரவென்று இறங்கிவிட்டால் பிஸ்டன் ரிங் போயிருக்கிறது. பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து நீ பார்க்காததா இது?

அந்த ஃபிளைவீல் போட்டோவை நான் பட்டறைப் பையன்களிடமும் காட்டினேன். சுத்தியலால் தட்டாமல் இழுத்து எடுத்திருக்கிறாய். ஒரு ரெக்கைகூட உடையவில்லை. உள்ளே தீப்பொறி கொடுக்கும் பாயிண்டைத் தேய்த்து இடைவெளியை 0.015 இஞ்சுக்கு வைத்திருக்கிறாய். இங்கே பத்து வருஷம் வேலை பார்த்தவனுக்கே அந்தப் பொறுமை வராது. அம்மா உன்னைக் கிரீஸ் பக்கமே போகவிடாமல் படிக்க வைத்தாள். நீயும் லீவுக்கு வந்தால் பட்டறையை எட்டிப் பார்க்கமாட்டாய். எனக்கு வருத்தம்தான். இப்போது பனிக்குளிரில் கராஜில் தனியாக உட்கார்ந்து அதே வேலையைச் செய்கிறாய்.

கார்பரேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் சவ்வு வற்றல் மாதிரி விறைத்திருக்கும், மாற்றிவிடு. பெட்ரோல் டியூபையும் மாற்று. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும். இங்கேயும் இப்போது 20 சதவீதம் கலக்கிறார்கள். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் இறங்காமல் கத்தினால் ஆயில் சீல் வழியாகக் காற்று இழுக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்து. இல்லையென்றால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. அந்த மாடலுக்குச் செயினைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக் கிடையாது. முன்கைக்குத் தடுப்பும் கிடையாது. பிரேக்கெல்லாம் 1970-களில்தான் வந்தது. செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு இருக்கிறதே, அந்தப் பார் முனையின் மேல்பாதி ஒரு கிளையில் பட்டால் போதும், கண் இமைப்பதற்குள் மிஷின் எகிறி முகத்துக்கு வரும். நம் பிடி எவ்வளவு பலமாக இருந்தாலும் அந்த வேகத்துக்குக் காணாது. ரிப்பேர் செய், ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேள், அலமாரியில் வை. மரம் அறுக்க பிரேக் உள்ளதாக ஒன்று வாங்கிக்கொள். பணம் வேண்டுமானால் அனுப்புகிறேன். சிரிக்காதே, அனுப்புவேன். கால் கவசம் போடாமல் இறங்காதே. பிரேக் இல்லாததை வைத்து அறுக்காதே.

இதை எத்தனை தடவை சொல்வாய் என்பாய். சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பதுதான் உண்மை.

மாமாவின் காலைப் பற்றி மரத்தில் ஆணி இருந்தது என்று உனக்கும் சொல்லியிருக்கிறோம். ஆணி இல்லை. எஸ்டேட்டில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக், சுத்தமான மரம். அடிபடுவதற்கு முதல் நாள் மாமாவின் மிஷின் என்னிடம் வந்தபோது, செயினை நிறுத்தும் பிரேக் பேண்ட் நெளிந்து, பிரேக் போடாமலே உரசிப் புகைந்தது. புதுசு கோயம்புத்தூரிலிருந்து வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். காண்ட்ராக்டர் அவசரப்படுத்தினார். பேண்டைக் கழற்றிவிட்டு மிஷினைக் கொடுத்தேன். 'பார்த்து அறு மச்சான்' என்று மட்டும் சொன்னேன். மறுநாள் பதினோரு மணிக்கு ஜீப்பில் கொண்டு வந்தார்கள்.

அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே ஆணி என்று அவன்தான் முதலில் சொன்னான். நான் வாயை மூடிக்கொண்டேன். 31 வருஷம் ஆகிறது. பொங்கலுக்கு வந்தால் வாசல் படியில் அவன் காலைத் தூக்கி வைப்பதை நான் பார்ப்பதில்லை, உள்ளே போய்விடுவேன். அந்தப் பேண்ட் இன்னும் பட்டறையில் திருகு டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது. அதனால்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் தபாலில் போடுகிறேன்.

அடிபட்டதை மறைத்தால் வீட்டில் நிம்மதி என்று அன்றைக்கு மாமாவும் நினைத்தான், நானும் நினைத்தேன்.

மூன்று வாரமாக நீ புது போட்டோ எதுவும் அனுப்பவில்லை. வேலை அதிகம் என்றாய், இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது காபிக் கப்பை வலது கையால் எடுத்தாய். தாத்தா எவ்வளவு அடித்தும் வராத வலது கை. அம்மா கவனிக்கவில்லை, நானும் அவளிடம் சொல்லவில்லை.

மருமகளுக்கும் குட்டிக்கும் என் ஆசி. இந்த ஞாயிறு அம்மா கோயிலுக்குப் போன பிறகு, ஏழு மணிக்கு நான் கூப்பிடுகிறேன். இரண்டு கையும் தெரிகிற மாதிரி உட்கார்.

அன்புடன்,
அப்பா