பட்டறையை நான் தேர்ந்தெடுக்கிறேன்: எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

இழப்பீட்டுப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். விபத்து எப்படி நடந்தது என்று மறுபடியும் எழுதப் போவதில்லை, அதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. உங்கள் பாலிசிதாரர் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்து என் வண்டியின் பக்கவாட்டில் இடித்தார். அதை அவரே எழுதிக் கொடுத்தார், தவறு முழுக்க அவர் பக்கம்தான் என்று நீங்களும் கடிதம் அனுப்பினீர்கள். அதில் நமக்குள் எந்தச் சண்டையும் இல்லை. பதினோரு வாரமாக நடக்கும் சண்டை ஒரே விஷயத்தில்தான். என் வண்டியை எந்தப் பட்டறையில் விடுவது என்பதை யார் முடிவு செய்வது?

நேற்று உங்கள் அலுவலகத்திலிருந்து பேசியவர், "அதே பட்டறையிலேயே இன்னொரு தடவை விட்டுப் பாருங்க, அவங்களே சரி பண்ணிக் கொடுத்துடுவாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் போனை வைத்த பிறகு அரை மணி நேரம் என்னால் வேறு எந்த வேலையும் செய்ய முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

என் வண்டியை முதலில் பழுதுபார்த்த அந்தப் பட்டறையை நான் தேர்ந்தெடுக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பல வருடமாக என் வண்டியைப் பார்க்கும் பட்டறையின் பெயரை முதல் நாளே எழுதிக் கொடுத்தேன். "அது எங்கள் பட்டியலில் இல்லை, அங்கே விட்டால் பணம் வரத் தாமதமாகும், வித்தியாசத் தொகையை நீங்களே கட்ட வேண்டி வரும், மாற்று வண்டியும் கிடையாது" என்றீர்கள். எங்கள் பட்டறையில் விடத்தான் வேண்டும் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. ஆனால் வேலைக்குப் போக வண்டியில்லாமல் நிற்பவரிடம் இந்த மூன்றையும் அடுக்கிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? நானும் தலையாட்டிவிட்டேன். அந்தத் தவறு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது அந்தப் பட்டறை சரிசெய்த முன் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு இரண்டு கை விரல்களிலும் மூட்டுவாதம். வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகிறேன், முன் இருக்கையில் எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். விபத்துக்கு முன்னால் அவரே கதவைச் சாத்திக்கொள்வார், விரலால் பிடிக்க முடியாததால் மணிக்கட்டை உள்கைப்பிடிக்குள் கொடுத்து இழுப்பார், ஒரே இழுப்பில் டப்பென்று மூடிவிடும். இப்போது மூடுவதில்லை. இழுத்தால் பாதி லாக்கில் நிற்கிறது, டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது, மறுபடி திறந்து இழுக்கிறார், மறுபடியும் பாதி. மூன்றாவது தடவை அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் இறங்கி, சுற்றிப் போய், வெளியிலிருந்து ஓங்கி அறைந்து சாத்துகிறேன். அறையும்போது அவர் தோளைக் குறுக்கிக்கொள்கிறார். போன வாரம், "எனக்குத்தான் கையில் பலம் போயிடுச்சு போல" என்றார். இல்லைம்மா, கதவுதான் கோணல் என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

கதவு லாக்கில் இரண்டு படி உண்டு என்பதை நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. முதல் படி, கதவு தானாகத் திறந்துகொண்டு போகாமல் இருக்க ஒரு தற்காப்பு மட்டும்தான், வண்டி ஓடும்போது இரண்டாவது படியில் கவ்வியிருக்க வேண்டும். அப்படி மூடாத கதவோடுதான் "வேலை முடிந்தது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று உங்கள் பட்டறை அழைத்தது. அன்றைக்கே மாற்று வண்டியையும் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள். வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே திருப்திச் சான்றில் கையெழுத்து கேட்டார்கள். நான் போடவில்லை. இந்தப் பதினோரு வாரத்தில் நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான்.

அப்புறம் என் மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அவர் முதலில் கருவி எதையும் எடுக்கவில்லை, கரும்பலகையில் காகிதம் ஒட்டி வைக்கும் சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து வந்தார். கதவின் மேல்பாதியில் வைத்தார், பிடித்துக்கொண்டது. கீழே இறக்கிக்கொண்டே வந்தார், இடிபட்ட இடத்தில் வைத்ததும் காந்தம் வழுக்கித் தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. அந்த இடத்தில் தகடு எங்கோ ஆழத்தில் கிடக்கிறது, மேலே இருப்பதெல்லாம் பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி. பெயின்ட் கனம் அளக்கும் மீட்டரையும் வைத்துக் காட்டினார். கம்பெனியிலிருந்து வரும் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும், என் கதவின் மேல்பாதியிலும் அப்படித்தான் காட்டியது. கீழே 1,000-ஐத் தாண்டிப் போனது.

பட்டி போட்டதுகூடப் போகட்டும், அது பார்வைக்கு உறுத்துவதோடு நிற்கும், வெயிலில் வெடித்தால் திரும்பச் செய்துகொள்ளலாம். என்னைத் தூங்கவிடாதது முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையில் நிற்கும் நடுத் தூண்தான், பட்டறையில் பி பில்லர் என்பார்கள். மெக்கானிக் அதன் உள்பக்கப் பிளாஸ்டிக்கைக் கழற்றிக் காட்டினார். இரும்பில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமும் கறுப்புமாக ஒரு வளையம். நெருப்பு வைத்துச் சூடாக்கி, இழுத்து நிமிர்த்தியிருக்கிறார்கள். உங்கள் பில்லில் அந்த வேலைக்கு எழுதியிருப்பது ஒரே வார்த்தை: "சீரமைப்பு".

இப்போதைய பல கார்களில் அந்தத் தூணைச் சாதாரணத் தகட்டில் செய்வதில்லை. போரான் கலந்த எஃகை 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சி, அச்சுக்குள்ளேயே அழுத்திச் சட்டென்று குளிரவைத்துச் செய்கிறார்கள். அதனால் அதன் இழுவிசை வலிமை, அதாவது இழுத்தால் அறுந்துபோகாமல் தாங்கும் திறன், 1,500 மெகாபாஸ்கல் அளவுக்கு ஏறுகிறது, சாதாரணப் பாடித் தகட்டைப் போலப் பல மடங்கு. அந்த வலிமையே குளிரவைத்த விதத்தில் வந்தது. அதன் மேல் மறுபடி நெருப்பைக் காட்டினால் காட்டிய இடத்தில் அது போய்விடும், பார்த்தால் ஒன்றும் தெரியாது, பெயின்ட் அடித்தால் புதுசு மாதிரியே இருக்கும். என் வண்டித் தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேடு அந்தத் தூணைச் சூடாக்கி நிமிர்த்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும் என்கிறது. அந்தப் பக்கத்தைப் படியெடுத்து உங்களுக்கு இரண்டு தடவை அனுப்பினேன்.

முன் கதவின் லாக் போய்க் கவ்வுவது அந்தத் தூணில்தான். அம்மா போடும் சீட் பெல்ட் சுருளும் அதன் அடியில்தான் இருக்கிறது. பக்கவாட்டு ஏர்பேக்குக்குச் செய்தி சொல்லும் சென்சாரும் என் வண்டியில் அங்கேதான். இன்னொரு வண்டி அதே பக்கம் வந்து இடித்தால் அவருக்கும் அந்த வண்டிக்கும் நடுவில் நிற்கப் போவது அந்தத் தூண் மட்டும்தான். விபத்தன்று பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. இனி எப்போதும் காலியாக இருக்கும் என்று உங்களால் எழுதித் தர முடியுமா?

அதனால் கேட்கிறேன். என் வண்டியை நான் நம்பும் பட்டறையில், தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி செய்ய விடுங்கள்.

உங்கள் பட்டியலில் இருக்கும் எல்லாப் பட்டறையும் மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்ல கைக்காரர்கள் அங்கேயும் இருப்பார்கள். ஆனால் அந்த ஏற்பாடே எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நீங்கள் மாதாமாதம் வண்டிகளை அனுப்புகிறீர்கள், அதற்குப் பதிலாக அவர்கள் கூலியைக் குறைத்துக்கொள்கிறார்கள், சீக்கிரம் முடித்துத் தருவதாக ஒத்துக்கொள்கிறார்கள். முதல் எஸ்டிமேட் வெளியிலிருந்து கண்ணால் பார்த்துப் போடுவது, உள்சேதம் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். அப்படித் தெரியும்போது கூடுதல் தொகைக்கு உங்களிடம்தான் அவர்கள் கை நீட்ட வேண்டும். மாற்றவா, நிமிர்த்தவா என்ற கேள்வி வரும் நேரத்தில் அந்தப் பட்டறைக்காரர் யார் முகத்தைப் பார்ப்பார்? ஆயுளுக்கு ஒரு தடவை வந்து போகும் என் முகத்தையா, அடுத்த மாதமும் பத்து வண்டி அனுப்பப் போகிற உங்கள் முகத்தையா? அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அதனால்தான் அந்தத் தேர்வு உங்கள் கையில் இருக்கக் கூடாது என்கிறேன்.

இன்னொன்று. என் சொந்தக் காப்பீட்டு நிறுவனம் ஒரு பட்டியலைக் காட்டியிருந்தால்கூட, பாலிசி எடுக்கும்போது அதற்கு நான் சம்மதித்தேன் என்று சொல்ல இடமுண்டு. உங்களோடு எனக்கு என்ன ஒப்பந்தம்? நான் உங்களிடம் பிரீமியம் கட்டவில்லை, உங்கள் நிபந்தனைகள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. உங்கள் பாலிசிதாரர் என் வண்டியைச் சேதப்படுத்தினார், அதைச் சரிசெய்து கொடுக்கும் கடன் அவருடையது, அவருக்காக நீங்கள் கட்டுகிறீர்கள். கடனைத் தீர்க்க வேண்டியவர் அதைப் பெற வேண்டியவரிடம், நான் சொல்லும் கடையில் நான் சொல்லும் சரக்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

நானாகக் கிளப்பும் புதுச் சட்டம் இல்லை இது. சேதம் நடக்காமல் இருந்திருந்தால் பாதிக்கப்பட்டவர் எந்த நிலையில் இருந்திருப்பாரோ, பணத்தால் முடிந்தவரை அந்த நிலையில் அவரை நிறுத்துவதுதான் இழப்பீடு என்று பிரிட்டனில் பிளாக்பர்ன் பிரபு 1880-ல் ஒரு நிலக்கரி வழக்கில் சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கலிபோர்னியாவின் காப்பீட்டுச் சட்டம் 758.5-ஆம் பிரிவில், குறிப்பிட்ட ஒரு பட்டறையில்தான் பழுதுபார்க்க வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனம் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நேரடியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். வண்டி மூன்று வயதுக்கு உட்பட்டதாக இருந்தால், மலிவான வேறு பட்டறையின் கணக்கைக் காட்டி இழப்பீட்டைக் குறைப்பதைப் பாதிக்கப்பட்டவர் பொதுவாக ஏற்க வேண்டியதில்லை என்று ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பளித்தது. இடத்துக்கு இடம் சட்டம் மாறும்தான். ஆனால் இடிபட்டவர் இடித்தவரின் வசதிக்கு வளைந்து போக வேண்டும் என்ற எண்ணத்தை இதில் எங்கேயும் காணோம்.

சில சமயம் யோசிக்கிறேன், நானாவது கையேட்டைத் தேடிப் படித்தேன், காந்தம் வைத்துப் பார்க்க ஒரு மெக்கானிக் எனக்கு இருந்தார். அதுவும் இல்லாதவர்கள் எத்தனை பேர் பளபளப்பான பெயின்டைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பியிருப்பார்கள்? அவர்கள் வண்டியில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் புதிதாக ஒருவருக்கு முதலிலிருந்து கதையைச் சொல்லியிருப்பார்கள், "பரிசீலனையில் இருக்கிறது" என்ற பதிலைக் கேட்டிருப்பார்கள், கடைசியில் சலித்துப்போய் விட்டுவிட்டிருப்பார்கள். இடித்தவரின் வேலை ஒரு கையெழுத்தோடு முடிந்துவிட்டது. இடிபட்டவர்தான் லீவு போட்டு அலைகிறார், படியெடுக்கிறார், மின்னஞ்சல் அனுப்புகிறார், பேசப் பேச குரல் உயர்ந்தால் மன்னிப்பும் கேட்கிறார். நானும் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். இது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டியைக் கொடுத்துப் புதிது வாங்கிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. இந்த விபத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு கீறலைக்கூட இதில் சேர்க்க மாட்டேன். பின்பக்க பம்பரில் ஏற்கெனவே ஒரு தேய்ப்பு இருக்கிறது, அது என் கைங்கர்யம், அதை அப்படியே விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். நான் சொல்லும் பட்டறை கேட்கும் கூலி அதிகம் என்று தோன்றினால் உங்கள் சர்வேயரை அனுப்புங்கள், பிரித்துப் போட்ட பிறகு வந்து பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும், வேலை முடிந்ததும் இன்னொரு தடவை வந்து அளந்து பார்க்கட்டும். கழற்றிய பழைய தூணை எடுத்து வைக்கச் சொல்கிறேன், வேண்டுமானால் நீங்களே கொண்டு போய்ச் சோதித்துக்கொள்ளலாம். இதையெல்லாம் மறைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். நடுத் தூணையும் முன் கதவையும் மாற்றுவதற்கான வேலை நான் தேர்ந்தெடுத்த பட்டறையில் நடக்க எழுத்தில் ஒப்புதல் கொடுங்கள். வேலை முடியும்வரை மாற்று வண்டி கொடுங்கள். அம்மாவின் கைக்கு ஏற்ற மாதிரி லேசாக மூடும் கதவு இருக்கும் வண்டியாகப் பார்த்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும். திருப்திச் சான்றில் கையெழுத்து, வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகுதான்.

அதே பட்டறையில் இன்னொரு தடவை விடுங்கள் என்று தயவுசெய்து மறுபடி போன் பண்ணாதீர்கள். அங்கே விட மாட்டேன்.

அடுத்த பிசியோதெரபி வியாழக்கிழமை. இந்த வண்டியில் இனி அம்மாவை ஏற்றுவதாக இல்லை, வாடகைக் கார் சொல்லியிருக்கிறேன், ரசீதை உங்களுக்கு அனுப்புகிறேன். வியாழக்கிழமைக்குள் உங்கள் பதில் வந்தால் நன்றியோடு இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பாலிசிதாரர் இடித்த வண்டியின் உரிமையாளர்