மானுக்கு ஐந்தாவது கால் எதற்கு?

மர்மப் பாறைகளைத் தேடிப் போய்க் காணொளி எடுக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் புதிய காணொளியைப் பார்த்தேன். ‘இதைச் செதுக்கியது மனிதர்களா, வேறு யாராவதா?’ என்று தலைப்பு. அது உங்கள் பிழைப்பு, இருக்கட்டும். நான் எழுத வந்தது நான்காவது நிமிடத்தில் உங்கள் கையில் இருந்த சாக்பீஸைப் பற்றி.

பழங்கால மனிதர்கள் மானைச் செதுக்கிய அந்தப் பாறையை ஆறு வருடமாகப் படமெடுத்து வருகிறேன். கேமராவில் தெரியவில்லை என்று நீங்கள் கோடுகளின்மேல் வெள்ளை தீட்டினீர்கள். மானின் வயிற்றுக்குக் கீழே ஓடும் இயற்கையான வெடிப்பையும் விடவில்லை. நாலு கால் மான் ஐந்து கால் மிருகமாகிவிட்டது. அடுத்த காட்சியிலேயே, “பூமியில் இப்படியொரு விலங்கு உண்டா?” என்று கேட்கிறீர்கள். இல்லைதான். நீங்கள்தானே படைத்தீர்கள்.

போன ஞாயிறு அங்கே போனேன். உங்களைப் பார்த்து வந்த யாரோ அந்த ஐந்தாவது காலைக் கல்லால் கீறி ஆழமாக்கியிருக்கிறார்கள். அதற்குமேல் படமெடுக்க மனமில்லை, திரும்பிவிட்டேன்.

சாக்பீஸ் மழையில் போய்விடும் என்பீர்கள். துகள் கல்லின் நுண்துளைகளுக்குள் தங்கிவிடும். தேய்த்துக் கழுவினால் மேற்பரப்பும் சேர்ந்து உதிரும். கொத்திய பள்ளத்தின்மேல் காலங்காலமாகப் படிந்திருக்கும் மெல்லிய படலம்தான் வயதைக் கணிக்க இருக்கும் சில தடயங்களில் ஒன்று. அதன்மேல்தான் உங்கள் வெள்ளை. தயவுசெய்து சாக்பீஸைக் கொண்டு போகாதீர்கள்.

நார்வேயின் அல்ட்டாவில், பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று பழங்காலப் பாறைச் செதுக்கல்களுக்குச் சிவப்புச் சாயம் பூசினார்கள். பிறகு அதே சாயத்தை அகற்றும் வேலையில் இறங்க வேண்டியதாயிற்று. விவரம் தெரிந்தவர்களே மாட்டிக்கொண்ட சமாச்சாரம் இது.

அப்புறம் அந்த வேற்றுகிரகவாசிகள். இத்தாலியின் வால் கமோனிக்கா பள்ளத்தாக்கில் பாறைகளில் செதுக்கிய 1,40,000க்கும் மேற்பட்ட உருவங்கள் இருக்கின்றன. தலையைச் சுற்றிக் கதிர்போல் கோடுகள் உள்ள இரண்டை மட்டும் பொறுக்கியெடுத்து ‘விண்வெளி வீரர்கள்’ என்கிறார்கள், நீங்களும் அதையே ஒப்பிக்கிறீர்கள். அதே பள்ளத்தாக்கின் பாறைகளில் ஏர் உழுகிறவன் இருக்கிறான், மான் இருக்கிறது, வீடு இருக்கிறது, ஆயுதத்தோடு மோதிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் பறந்து வந்தவர்கள் ஏரும் மாடும் வரைந்துவிட்டா போனார்கள்? அங்கே வாழ்ந்த கமுனி மக்களின் பெயரை, தாங்கள் வென்றவர்களின் பட்டியலில் ரோமானியர்களே கல்லில் பொறித்திருக்கிறார்கள். உழவனும் வேட்டைக்காரனும் கல்லைக் கொண்டு கல்லைக் கொத்தினார்கள் என்பதை நம்ப மட்டும் உங்களுக்கு ஏன் இத்தனை கஷ்டம்?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னியுங்கள்.

கேட்பது ஒன்றுதான்: சாக்பீஸ் வேண்டாம். வெயில் சாய்ந்து விழும் காலையிலோ மாலையிலோ போங்கள். இல்லையென்றால் இருட்டிய பிறகு டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். ஒவ்வொரு கொத்தும் தனித்தனியாகத் தெரியும், உங்கள் கேமராவுக்கும் அதுதான் நல்லது. அந்தக் காணொளியில் பாறை இருக்கும் இடத்துக்கு வழி சொல்லும் பகுதியை மட்டுமாவது இந்த வாரத்துக்குள் நீக்கிவிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.