மணி அடிக்கவில்லை

வட்டக்கச்சி
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பி,

நாங்கள் நல்ல சுகம். உன் சுகத்தை நீதான் எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் வருகிற "ஓம் அம்மா", "சுகம் அம்மா" இரண்டையும் நான் கணக்கில் எடுப்பதில்லை. நீ வீடு மாறிவிட்டாய் என்று சின்னத்தை சொன்னாள். ஏன் என்று கேட்கப்போவதில்லை. என்னிடம் இருப்பது பழைய முகவரிதான். அதற்கே அனுப்புகிறேன், யாராவது உன்னிடம் சேர்ப்பார்கள். நேரத்துக்குச் சாப்பிடு.

சிவலை கன்று ஈன்றிருக்கிறது, நாகு. சிறுபோகப் பயிர் குடலையில் நிற்கிறது. நேற்றுப் பார்த்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

சுற்றியுள்ள மூன்று பாடசாலைப் பிள்ளைகளையும் ஒரு மண்டபத்தில் இருத்திப் பேசவைத்தார்கள். பக்கத்து வளவுப் பேத்திக்குத் துணையாகப் போனேன். தமிழ்மொழித் தினப் போட்டி மாதிரி இல்லை. அதில் பாடசாலையில் வென்றால் கோட்டம், பிறகு வலயம், மாவட்டம், மாகாணம் என்று ஏறிப்போக வேண்டும். பக்கத்துப் பாடசாலைப் பிள்ளை எங்கே பிழைவிடும் என்று பார்த்துக்கொண்டே இருப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். இங்கே முதலிடமும் இல்லை, நடுவரும் இல்லை. ஒருவர் பேசி முடித்ததும் அடுத்த ஊர்ப் பிள்ளை எழுந்து கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பேசுபொருள் நம் இரணைமடுக் குளத்துத் தண்ணீர். யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொடுப்பதா, நம் வயலுக்கு வைத்திருப்பதா என்று ஊர்கள் கொதித்தது நினைவிருக்கும். இப்போது தாளையடியில் கடல்நீரை நன்னீராக்குகிறார்கள், ஆனாலும் பிள்ளைகள் விடவில்லை. ஒரு பையன் "குளம் எங்களுடையது" என்று முழங்கினான். நல்ல கைதட்டல். அப்போது வாய்க்காலின் கடைசியில் இருக்கும் ஊரிலிருந்து வந்த ஒருத்தி எழுந்தாள். பத்தாம் வகுப்பு இருக்கும். "நீங்கள் பாய்ச்சிய பிறகு எங்களுக்கு எவ்வளவு வருகிறது என்று எப்போதாவது வந்து பார்த்தீர்களா?" என்றாள். மழையில்லாத சிறுபோகத்தில் தன் அப்பா இரவிரவாக மண்வெட்டியோடு வாய்க்கால் கட்டில் காத்திருப்பதைச் சொல்லத் தொடங்கினாள். பாதியில் குரல் நின்றுவிட்டது.

மண்டபம் காத்திருந்தது, தம்பி. "ஆறுதலாகச் சொல், பிள்ளை" என்றார் ஆசிரியை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் சொன்னாள். அந்தப் பையன் தன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "நான் வந்து பார்க்கிறேன்" என்றான். அதே வாய்க்காலில் இத்தனை வருடம் பாய்ச்சிய எனக்கு, போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

நீ அவர்கள் எல்லோரையும்விட நன்றாகப் பேசியவன். 2005இல் கோட்டத்தில் நீ முதலாவதாக வந்தபோது உன் அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டே ஒவ்வொரு படலையாகச் சொல்லிவந்தார். அப்படிப் பேசிய வாய் தாயிடம் "ஓம்" என்ற ஒரு சொல்லோடு நிற்கலாமா? என்னிடம் வேண்டாம், அங்கே யாரோடாவது பேசு. வேலை இடத்தில் ஒரு நல்ல பிள்ளையாவது இருக்கும். குளிர் என்று அறைக்குள்ளேயே கிடக்காதே. யாரோடாவது பேசு.

வலயப் போட்டியைப் பற்றி எழுதாமல் இதை மூட முடியவில்லை. மாஸ்டர் எழுதித் தந்த பேச்சைக் குப்பி விளக்கில் வைத்துப் பதினைந்து நாள் உனக்குப் பாடமாக்கினேன். "நீர் வளம் காப்போம்." மேடையில் இரண்டாம் பந்தியை விட்டுவிட்டு, நீ நம் கிணற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினாய். இடம்பெயர்ந்து திரும்பி வந்த அன்று அதை எட்டிப் பார்த்தது நீதான். உனக்கு அப்போது என்ன வயது! அதை வீட்டுக்குள்ளேயே நாங்கள் யாரும் பேசியதில்லை.

மணி அடித்ததால் நிறுத்திவிட்டாய் என்றுதான் அப்பாவிடம் சொன்னேன். உன் மாமாவிடமும் அப்படியே சொன்னேன். மணி அடிக்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய், நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ஊர் என்ன சொல்லும் என்று பயந்தேன். திரும்பி வருகிற வழியெல்லாம் உன்னோடு ஒரு சொல் பேசவில்லை. அடுத்த வருடம் பெயர் கொடுக்கச் சொன்னபோது நீ மாட்டேன் என்றாய். திமிர் என்று ஏசினேன்.

அந்தப் பிள்ளையின் அம்மாவும் நேற்று மண்டபத்தில் இருந்தாள். அவள் தலையை ஆட்டவில்லை.

அன்று கிணற்றைப் பற்றி என்ன சொல்ல வந்தாய், தம்பி? இப்போது சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பேன். இங்கே இரவு என்று யோசிக்காதே. தொலைபேசியைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா